என் நிலம் சும்மாதான் கிடக்கும்

"சும்மா கிடக்குதாம்! என் நிலம் சும்மா கிடக்குதாம்! அதனால வரியை ஏத்தப் போறாங்களாம்!"

லிஃப்ட்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன. அவர் கையில் வரி ஆபீஸ் நோட்டீஸ் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே அவர் வாங்கிப் போட்டிருந்த மூன்று ஏக்கரில் விவசாயம் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லையாம். அதனால் அதை விவசாய நிலக் கணக்கிலிருந்து எடுத்துக் காலி மனைக் கணக்கில் சேர்க்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாராம். காலி மனைக்கு வரி பல மடங்கு. லிஃப்ட்காரரின் பென்ஷன் அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அவர் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"சும்மாதானே கிடக்கு? அவங்க என்ன பொய்யா சொல்றாங்க?"

"சும்மா கிடக்கட்டும்னுதான்டி வாங்கினேன்!"

அது நூற்றுக்கு நூறு உண்மை. எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். ஜன்னல் இல்லாத இரும்புக் கூண்டு, ஒரு ஸ்டூல், ஒரு கிரில் கதவு. வாழ்நாளெல்லாம் மேலே போனார், கீழே வந்தார். பக்கவாட்டில் ஓர் அடி போனதில்லை. ரிட்டயர் ஆனதும் கைக்கு வந்ததை மற்றவர்கள் பாங்கில் போட்டார்கள். இவர் நிலத்தில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிப் போய், நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பக்கவாட்டிலேயே நடப்பார். அவர் செய்த விவசாயம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தில் புது லிஃப்ட் போட்டபோது பழைய கூண்டைக் காயலான் கடைக்குத் தள்ளப் பார்த்தார்கள். இவருக்கு மனசு கேட்கவில்லை. லாரி பிடித்து அதைக் கொண்டுபோய் நிலத்துக்கு நடுவில் வைத்துவிட்டார், மண்வெட்டியும் குடையும் வைத்துக்கொள்ள. கூண்டை விட்டு வெளியே வரத்தான் நிலம் வாங்கினார். வாங்கின நிலத்தில் முதல் காரியமாக அந்தக் கூண்டையே கொண்டு வைத்தார். மனுஷ புத்தியை என்னவென்று சொல்வது!

"டென்ஷன் ஆகாதீங்க மாமா," என்றான் மச்சினன். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி ரொம்ப ஆதரவாகப் பேசினான். "உங்களால கட்ட முடியலன்னா நான் எடுத்துக்கறேன். எனக்கும் குடோன் போட இடம் வேணும். நிலம் நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்குமில்ல?"

"உன் டைல்ஸை அடுக்கி வைக்க என் நிலமா? விக்க மாட்டேன். ஒரு பைசா கூடுதலா கட்டவும் மாட்டேன். நானா அந்த ஆபீசரான்னு வெள்ளிக்கிழமை பாத்துடலாம்!"

"வீராப்பெல்லாம் இருக்கட்டும்," என்று மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். "வரி ஏறிச்சுன்னா நம்மளால தாக்குப்பிடிக்க முடியாது. தம்பிக்குக் கொடுத்துட வேண்டியதுதான். இப்பவே சொல்லிட்டேன்."

மச்சினன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் வரி ஆபீசில் கவுன்ட்டர் அம்மாள் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தாள்.

"விவசாயம் நடந்தா விவசாய வரி. நடக்கலன்னா மனை வரி."

"புல்லு வளருதேம்மா! இடுப்பளவு வளருது! வந்து பாருங்க!"

"நீங்க வளத்தீங்களா?"

"அது தானா வளருது."

"தானா வளந்தா கணக்குல வராது சார்."

"மரம்கூடத் தானாத்தாம்மா வளருது. நான் என்ன உச்சியப் புடிச்சு இழுத்தா விடறேன்?"

"பயிர் இருக்கணும். இல்ல ஆடு மாடு இருக்கணும். அடுத்தவங்க வாங்க!"

முப்பது வருஷமாக அடுத்தவங்களைக் கூப்பிட்டு ஏற்றியவர் அவர். அந்தச் சொல் தன் மேலேயே வந்து விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

டீக்கடைக்காரர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஆடுதானே?" என்றார்.

"யாரைப் பாத்து ஆடுங்கறீங்க?"

"அட, கோச்சுக்காதீங்க சார். உள்ள போய்ட்டு வர்றவங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள எந்தப் பயிர் வளரும்? வாடகைக்கு ஆடு கிடைக்கும். ஒரு அம்மா வண்டியில கொண்டாந்து விடுவாங்க. ஆபீசர் பாத்துட்டுப் போனதும் ஓட்டிட்டுப் போயிடுவாங்க. நம்பர் தரட்டுமா?"

வாடகைக்கு ஆடு வாங்கி நிறுத்துவது நியாயமா என்று லிஃப்ட்காரர் ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தார். கண் முன்னால் வளர்கிற புல்லை அவர்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். அப்படியென்றால் சும்மா நிற்கிற ஆட்டை இவர் சேர்த்துக் காட்டினால் என்ன தப்பு? சரிக்குச் சரி. நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டாக இருக்கட்டுமே என்று போகிற வழியில் தக்காளி நாற்று தட்டுத் தட்டாக வாங்கினார். மனைவியையும் நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கூண்டுக்கு முன்னால் புல்லைச் செதுக்கி, இரண்டு பேரும் குனிந்து குனிந்து நட்டார்கள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க என்னை வெளிய கூட்டிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஆனால் வரிசை நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தவளும் அவள்தான்.

அடுத்த நாள் ஆடுகள் வந்து இறங்கின. கூடவே ஆட்டுக்காரம்மா. ரப்பர் பூட்ஸ், கறுப்புக் குடை, மடக்கு நாற்காலி. எண்ணி எண்ணிப் பேசுகிறவள்.

"ஆடு மேயும். நான் உக்காந்திருப்பேன். வாடகை அன்னன்னிக்குக் கொடுத்துடணும்."

"கொடுத்துடறேம்மா. தக்காளிப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க."

சொல்லிவிட்டு அவர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். மனைவிக்குக் கொடுத்தார், தானும் ஒரு வாய் குடித்தார். திரும்பிப் பார்த்தால் தக்காளி இருந்த இடத்தில் குழிகள்தான் இருந்தன. தாடி வைத்த கறுப்புக் கிடா கடைசி நாற்றை வாயில் வைத்தபடி அவரையே பார்த்தது.

"ஐயோ! இடுப்பளவு புல்லு இருக்கே, அதைத் தின்னக் கூடாதா?"

"புல்லு சாப்பாடு சார்," என்றாள் ஆட்டுக்காரம்மா. "நாத்து பலகாரம்."

மனைவி கிளாசைத் தரையில் வைத்தாள். "என் இடுப்பு போனதுதான் மிச்சம்."

"போகட்டும் விடு! ஆடு இருக்கில்ல, ஆடு! பாத்துடலாம்!" என்றார் அவர்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நிலைமையை விசாரிக்கும் சாக்கில் மச்சினனும் காரில் வந்துவிட்டான். கண்ணாடியை இறக்கி, "பாவம் மாமா, ஆடெல்லாம் நனையுது," என்று உச்சுக் கொட்டினான்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்," என்றாள் அவன் அக்கா, குடைக்குள்ளிருந்து.

ஆடுகள் யாருடைய அனுதாபத்துக்கும் காத்திருக்கவில்லை. கிரில் கதவு திறந்திருந்தது. கறுப்புக் கிடா முன்னால் போக, மொத்தக் கூட்டமும் லிஃப்டுக்குள் பாய்ந்தது.

"ஆறு பேருக்கு மேல ஏறக் கூடாது!" என்று லிஃப்ட்காரர் தன்னை மறந்து கத்தினார்.

உள்ளே நெரிசலில் ஏதோ ஒன்று முட்ட, கிரில் கதவு சடாரென்று சாத்திக்கொண்டது. அந்தக் கதவு அந்தக் காலத்திலேயே சண்டித்தனம் பண்ணும். கொஞ்சம் தூக்கி, இடது பக்கம் தள்ளி, அப்புறம் இழுக்க வேண்டும். அவர் தூக்கித் தள்ளி இழுத்தார். உள்ளே அவருடைய ஸ்டூலின் மேல் கறுப்புக் கிடா ஏறி நின்றுகொண்டிருந்தது. அவருக்கு வயிறு எரிந்தது.

"தள்ளாதீங்க! முன்னாடி நிக்கறவங்க முதல்ல இறங்குங்க. பின்னாடி இருக்கறவங்க பொறுங்க!"

ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. எட்டு மாடி ஆபீஸ்காரர்கள் ஒருநாளும் அவர் பேச்சை இந்த அளவுக்குக் கேட்டதில்லை. கிடா மட்டும் இறங்க மறுத்து, மூன்றாவது மாடி பட்டனை நக்கிக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காரம்மா குடையோடு வந்தாள். "நனைஞ்சா ஆடு இருமும் சார். இருமற ஆட்டை நான் நிறுத்த மாட்டேன், வண்டியில ஏத்திடுவேன். கூரை போடுங்க."

இருமல் வந்து ஆடு போய்விட்டால் நிலமும் போய்விடும். லிஃப்ட்காரர் மழையிலேயே ஓடினார். சவுக்குக் கம்பும் தகர ஷீட்டும் வாங்கி வந்து, ஆணி அடித்து, கட்டை விரலிலும் இரண்டு அடி வாங்கி, சாயங்காலத்துக்குள் லிஃப்டை ஒட்டி ஒரு கொட்டகை எழுப்பிவிட்டார். ஆடுகள் உள்ளே போய்ப் படுத்தன. மழையும் சொல்லி வைத்தாற்போல அப்போதுதான் நின்றது.

மச்சினன் காரை விட்டு இறங்கிக் கொட்டகையைச் சுற்றி வந்தான். "சூப்பரா இருக்கு மாமா. ஆனா ஒண்ணு. கூரை போட்டாச்சுன்னா அது கட்டடம். கட்டட வரி தனி."

"போடா! ஆட்டுக் கொட்டகைக்கு எவன்டா வரி போடுவான்?"

சொன்னாரே தவிர, சந்தேகம் வந்துவிட்டது. வரி ஆபீசுக்குப் போன் போட்டார். கவுன்ட்டர் அம்மாள்தான் எடுத்தாள்.

"கூரை இருக்கா?"

"இருக்கும்மா."

"கீழ யாராவது இருக்காங்களா?"

"ஆடு படுத்திருக்கு."

"அப்ப குடியிருப்புக் கட்டடம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"ஆட்டைக் கடிச்சு, மாட்டைக் கடிச்சு, மனுஷனைக் கடிச்ச கதை கேள்விப்பட்டிருக்கேன்!" என்று அவர் கொட்டகையைப் பார்த்துக் குதித்தார். "இவங்க மனுஷனைக் கடிச்சு முடிச்சிட்டு, இப்ப ஆட்டுகிட்ட வந்து வீட்டு வரி கேக்கறாங்க!"

அடித்த ஆணியை அவரே பிடுங்கினார். தகரத்தைக் கழற்றி மூலையில் சாய்த்தார். மச்சினன் கூடமாட உதவினான். உதவிக்கொண்டே, "அப்ப இந்த லிஃப்டு மட்டும் என்னவாம் மாமா? நாலு பக்கம் சுவர், மேல கூரை, கதவுகூட இருக்கு. இதுவும் கட்டடம்தானே?" என்றான்.

அன்று ராத்திரி லிஃப்ட்காரர் தூங்கவில்லை. லிஃப்டைத் தூக்கிக்கொண்டு போக கிரேன் வேண்டும். கிரேனுக்கு எங்கே போவது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலியோரத்துக் கிளைகளை வெட்டிக் குவித்தார். மனைவி எடுத்துக் கொடுக்க, அவர் லிஃப்டின் மேலும் பக்கத்திலும் செருகிக்கொண்டே போனார். இரும்பு மறைந்தது. தள்ளி நின்று பார்த்தார்.

"புதர் மாதிரி இருக்கா?"

"இருக்கு. கதவு வெச்ச புதர்."

"நக்கல் பண்ணாம இன்னும் ரெண்டு கிளை குடு."

கதவும் மறைந்தது. இப்போது யார் பார்த்தாலும் புதர்தான். லிஃப்ட்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து மச்சினனின் கார் வந்து நின்றது. இறங்கியவன் கையில் நீளமான அளவு டேப். ஒரு நுனியை வேலிக் கம்பத்தில் மாட்டி, இழுத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தான்.

"என்னடா பண்ற?" என்றாள் அவன் அக்கா.

"சும்மாக்கா. எப்படியும் இன்னிக்கு முடிவு தெரிஞ்சிடும். குடோன் வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம்னு..."

அவள் போய் டேப்பின் நடுவில் காலை வைத்தாள். அது அவன் கையிலிருந்து நழுவிச் சரசரவென்று சுருண்டு ஓடியது.

"வரி ஏறினா கொடுத்துடலாம்னு சொன்னவ நான்தான். இப்ப நானே சொல்றேன், கேட்டுக்க. இது இந்த மனுஷன் முப்பது வருஷம் வெளிச்சம் பாக்காம நின்னு வாங்கின நிலம். ஒரு வேளை பட்டினி கிடந்தாவது கட்டுவோம். உனக்குக் கிடையாது. டேப்பைச் சுருட்டிட்டு ஓரமாப் போய் நில்லு."

லிஃப்ட்காரர் அவள் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வரப்பில் பைக் சத்தம் கேட்டது.

வரி அதிகாரி ஒல்லியான ஆள். ஹெல்மெட்டைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டினார். யாரையும் வணக்கம் சொல்ல விடவில்லை. நிலத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஆடுகளிடம் போனார். ஒவ்வொன்றின் முதுகையும் தடவினார், விலாவை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லா தேறியிருக்கே," என்றார்.

"நம்ம மண்ணு அப்படி சார்!" என்றார் லிஃப்ட்காரர். "தானா வளர்ற புல்லுதான், ஆனா சத்து!"

பின்னால் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். திரும்பிப் பார்த்தார்.

ஆடுகள் புதரைத் தின்றுகொண்டிருந்தன. கறுப்புக் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று மேல் கிளையை இழுத்தது. மொத்தப் பச்சையும் சரிந்து விழுந்தது. காலை வெயிலில் இரும்பு பளபளவென்று மின்னியது. 'ஆறு பேர் மட்டும்' என்ற பலகையோடு லிஃப்ட் நட்ட நடு நிலத்தில் நின்றது.

அதிகாரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது என்ன?"

"லிஃப்டு சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எத்தனை மாடி?"

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். லிஃப்ட்காரருக்குக் காதோரம் சூடேறியது. பயந்து பயந்து நாற்று நட்டு, கூரை போட்டு, கூரை பிரித்து, இலை செருகியதெல்லாம் ஒரு நொடியில் தலைக்கு ஏறியது. போதும் என்று தோன்றியது.

"மாடியா? எட்டு மாடி சார்! எழுதிக்கோங்க! முப்பது வருஷம் இதுக்குள்ள நின்னு அந்த எட்டு மாடிக்கும் ஆளை ஏத்தினேன். ஏறினவங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு மாடியில இறங்கி உக்கார நாற்காலி இருந்துச்சு. எனக்கு எந்த மாடியிலயும் எதுவும் இல்ல. நான் இறங்கின ஒரே இடம் இதுதான். இங்க பயிர் இல்ல, சார். நட்டேன், ஆடு தின்னுடுச்சு. கூரை போட்டேன், உங்க ஆபீசுக்குப் பயந்து பிரிச்சேன். இனிமே பயப்படறதா இல்ல. மனைன்னு எழுதணும்னா எழுதுங்க. எந்தப் படி ஏறணுமோ ஏறி வழக்குப் போடறேன். ஆனா இந்த நிலம் சும்மாதான் கிடக்கும், நானும் இதுல சும்மாதான் நடப்பேன்!"

ஆட்டுக்காரம்மா மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கறுப்புக் கிடா மெல்லப் போய் அதிகாரியின் பாக்கெட்டை முகர்ந்தது. அவர் அதன் தாடியைச் சொறிந்துவிட்டபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எழுதினார்.

"கால்நடை நல்லபடியா வளருது. விவசாய நிலம்தான். பழைய வரியையே கட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லிஃப்ட்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையிலிருந்த இலையை எடுத்துப் போட்டாள். மச்சினன் டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, "கடையில ஆள் இல்லக்கா," என்று முனகியபடி காரைப் பார்த்து நடந்தான்.

"பேசத் தெரியாத மனுஷன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்," என்றாள் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்த பைக்கைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"பாத்தியாடி? என்கிட்ட நடக்குமா? வந்தான், சுத்தினான், போனான்! என் நிலத்துலேர்ந்து ஒரு புல்லைக்கூட எடுத்துட்டுப் போக முடியல அவனால!" என்று சிரித்தார். பிறகு ஆட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "ரொம்ப உபகாரம்மா. வேலை முடிஞ்சுது. வண்டியை வரச் சொல்லுங்க, ஆட்டை ஏத்திடலாம்."

ஆட்டுக்காரம்மா எழுந்திருக்கவில்லை. நிலத்தின் அந்தக் கோடியைக் கையால் காட்டினாள்.

"அங்க இன்னும் புல்லு இருக்கே சார். அது தீர்ந்தப்புறம் ஓட்டிட்டு வந்தா போதும்னு ஆட்டுக்குச் சொந்தக்காரர் சொல்லியிருக்காரு."

"ஆடு உங்களுது இல்லையா? யாரும்மா அந்தச் சொந்தக்காரர்?"

"இப்ப பைக்கில போறாரே, அவருதான் சார். புல்லு எங்க நல்லா வளந்து கிடக்கோ, அங்க பாத்துத்தானே நோட்டீஸே அனுப்புவாரு."